104927-ஐ வகுத்த காலை

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகில் போகும்போதெல்லாம் சீட்டில் அச்சடித்த எண்ணை மனத்துக்குள் வகுத்துப் பார்ப்பேன். அக்கரை சேர்வதற்குள் அதை மிச்சமில்லாமல் வகுக்கும் ஓர் எண் அகப்பட்டால் அன்று கெடுதல் வராது, அகப்படாவிட்டால் வரும். மிளகுக் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு, கல்லூரி வரை போனவனுக்கு, இது மூடத்தனம் என்று தெரியாமலில்லை. தெரிந்து என்ன, பயம் அதையெல்லாம் கேட்கவில்லை.

அன்று என் மனைவிக்கு வயிற்றுக் கட்டியை எடுக்க வேண்டிய நாள். முந்தின நாளே அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெண்கள் வார்டில் இரவு ஆண்களைத் தங்க விடவில்லை. முதல் படகில் கிளம்பினேன். சீட்டு 104927.

ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று; மூன்று போகாது. ஐந்தும் போகாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. அதனால் பின்பாதியிலிருந்து முன்பாதியைக் கழித்துப் பார்த்தாலே போதும். 927-இல் 104 போக 823. அதில் மூன்றுமே போகவில்லை. பதினேழில் மூன்று மிச்சம். பத்தொன்பதில் ஒன்பது மிச்சம். உள்ளங்கை வியர்த்துச் சீட்டு நனைந்தது.

“எந்தா சாரே, லாட்டரி அடிச்சோ? ஜெட்டி எத்தி, எறங்கு!” என்றார் படகுக்காரர். படகு எர்ணாகுளம் துறையைச் சேர்ந்துவிட்டிருந்தது.

நாற்பத்தேழு வரை வந்திருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

வார்டில் அவளைச் சக்கரக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

“இன்னைக்கு நம்பர் மாட்டலையா?”

“இன்னும் முடியலை. முன்னூறு தாண்டி பாக்கணும்.”

“விட்டுடுங்க. யாராலயும் துண்டு போட முடியாத நம்பராவே இருந்துட்டுப் போகட்டும். இன்னைக்குத் துண்டு போட நான் ஒருத்தி போதாதா?”

கட்டில் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. கட்டில் வெளியே வருவதற்குள் அகப்பட்டாலும் போதும் என்று கெடுவை நானே நீட்டிக்கொண்டேன். கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் தொடர்ந்தேன். 324-ஐ 324-ஆல் பெருக்கினாலே இந்த எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே அதற்குக் கீழே உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். மொத்தம் அறுபத்தாறு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். 313-இல் எழுபத்திரண்டு மிச்சம். பாக்கி ஒன்றுதான்: 317.

அங்கே பென்சில் நின்றது. போனால், உடையாமலே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போன எண் உடைகிறது. போகாவிட்டால், என் விதிப்படி கெடுதல். எந்தப் பக்கமும் அவளுக்கு நல்லதாக இல்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. இதை எழுதாமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். முடியவில்லை.

முன்னூற்று முப்பத்தொரு முறை போனது. மிச்சம் இல்லை. 331-உம் அதற்கு மேல் உடையாத எண். இரண்டே துண்டு. தாளைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். கட்டியை எடுத்தாயிற்று, பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்ன பிறகும் தாளை வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் கண்ணைத் திறந்தாள்.

“வகுத்தீங்கதானே?”

“முன்னூத்திப் பதினேழுல போயிடுச்சு.”

சிரிக்கப் போனவள் வலியில் முகம் சுளித்தாள்.

“கடைசி வரைக்கும் விடலை பாருங்க. தையலை மட்டும் எண்ணாதீங்க, சொல்லிட்டேன்.”

மறுநாள் நர்ஸ் கட்டு மாற்ற வந்தபோது, அவள் பார்த்துக்கொண்டே இருக்க, நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.