கூடத்துக்கு வந்த லாரி இஞ்சின்

கல்யாணமான ஏழாவது மாதம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு லாரி இஞ்சின் வந்து சேர்ந்தது. பதினேழு நாள் தங்கியது. அத்தனை நாளும் நாங்கள் சமையலறையில் படுத்துக்கொண்டோம்.

நான் திருச்சிப் பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணகிரியில். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று காபி ஹோட்டல்களில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த சமயம். என் கணவரிடம் பழைய டீசல் லாரி ஒன்று இருந்தது. கெலமங்கலம் சந்தையில் புளியும் ராகியும் ஏற்றிக் காவேரிப்பட்டினத்தில் இறக்குவார். யுத்த காலத்தில் யாரோ ஓட்டி, பிறகு வேறு யாரோ ஓட்டி, மூன்றாவது கையாக இவரிடம் வந்த வண்டி. ஊற்றிய எண்ணெயை எல்லாம் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே போகும்.

அந்த ஒழுகல் எனக்கு ஒரு வகையில் உதவியாகத்தான் இருந்தது. "பர்கூருக்கு லோடு போயிட்டு வர்றேன்" என்று சாயங்காலம் களைப்பாக வந்து உட்காருவார். மறுநாள் காலை நான் கடைத்தெருவுக்குப் போனால், சீட்டாடுகிற கிளப்பு வாசலில் தாம்பாளத்து அகலத்துக்குக் கருப்பாக எண்ணெய் கிடக்கும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். அவரும் காரணம் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

காபி ஹோட்டல்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்கள் வண்டி நின்றுவிட்டுப் போன இடத்தில் அவருடைய சர்வர் ஒருநாள் சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்தார். வாளி பறந்துபோய், வெள்ளைச் சட்டையில் இருந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மீது கவிழ்ந்தது. ஹோட்டல்காரர் நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இதோ பாருப்பா. ஒழுகல் நிக்கிற வரைக்கும் உன் வண்டியும் என் கடை வாசல்ல நிக்கக்கூடாது, நீயும் உள்ள வரக்கூடாது."

என் கணவரால் உலகத்தில் எது இல்லாமலும் இருக்க முடியும், அந்த ஹோட்டல் காபி இல்லாமல் முடியாது. நான் போடுகிற காபியை மரியாதைக்காகக் குடிப்பவர். மூன்று நாள் அதையே குடித்துப் பார்த்தார். நாலாம் நாள் பஸ் ஏறி, மைசூர் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளிக்குப் போய் ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு வந்தார்.

மேஸ்திரி ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, கன்னடத்தில் நிறையப் பேசினார். என் கணவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அது சுருக்கமாக இருந்தது: இஞ்சினை இறக்க வேண்டும், முழுக்கப் பிரிக்க வேண்டும், ஆயில் சீல், ரிங், வால்வு எல்லாம் பார்த்து மறுபடி பூட்ட வேண்டும். வெளியே விடாத தூறல். மழையில் பிரித்தால் எல்லாம் துருப்பிடிக்கும். ஆகவே இஞ்சின் வீட்டுக்குள் வர வேண்டும்.

என் மாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

"இஞ்சின் வரட்டும். செருப்பு மட்டும் உள்ள வரக்கூடாது."

மூன்று கம்பு நட்டுச் சங்கிலி கட்டி இஞ்சினை வண்டியிலிருந்து தூக்கி, உருட்டுக் கட்டைகள் மேல் வைத்து, தெரு ஆண்கள் எட்டுப் பேர் வெறுங்காலோடு அதைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கால் கட்டைவிரல் நசுங்கியது. செருப்பு போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று யாரும் என் மாமியாரிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மேஸ்திரிக்கு நான்தான் சோறு போட்டேன். இரண்டாம் கரண்டி வைக்கும்போது அவர் இலைக்கு மேல் கையை நீட்டி, "சாக்கு, சாக்கு" என்றார். தரை சில்லென்று இருக்கிறது, உட்காரச் சாக்கு கேட்கிறார் என்று நினைத்து உள்ளே போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து அதை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். சரி, சௌகரியமாகிவிட்டது என்று இன்னொரு கரண்டி வைத்தேன். "அய்யய்யோ, சாக்கம்மா சாக்கு!" என்று கத்தினார். ஓடிப்போய் இன்னொரு சாக்கைக் கொண்டு வந்தேன். மேஸ்திரி பாதிச் சோற்றில் எழுந்து, அதையும் விரித்து, கொஞ்சம் உயரமாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த என் மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு திரும்பியதும் சொன்னார்: "கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்மா. அந்த மனுசன் போதும் போதும்ங்கறான். நீ மூட்டை மூட்டையா கொண்டாந்து போடறே."

மறுநாள் காலை மாவு பொங்கி வந்திருந்தது. இட்லித் தட்டைத் தேடினால் காணோம். கூடத்தில் போய்ப் பார்த்தேன். மூன்று தட்டும் வரிசையாகத் தரையில் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு சுருள் கம்பி, இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். மேலே கருப்பு எண்ணெய்.

"ஏங்க, இது என்னங்க?"

"தொடாத! தட்டுக்கு நாலு குழி, மூணு தட்டுக்குப் பன்னண்டு. வால்வும் பன்னண்டு. பாரேன் பொருத்தத்த! நம்ம ஜாதகம்கூட இப்பிடிப் பொருந்தல." முகமெல்லாம் சந்தோஷம் அவருக்கு. "ஒரு குழிய மாத்தி வெச்சாலும் எல்லாம் போச்சு."

பதினேழு நாளும் தோசைதான்.

அந்தப் பன்னிரண்டு வால்வுகளால்தான் நானும் இந்த வேலைக்குள் போனேன். வால்வு உட்காரும் இடத்தில் பசை மாதிரி ஒரு மருந்தைத் தடவி, வால்வின் தலையில் ஒரு கட்டையைப் பொருத்தி, அந்தக் கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித் தேய்க்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று இழைந்து, இடையில் காற்றுகூடப் போகாதபடி ஆக வேண்டும். என் கணவர் இரண்டு வால்வு தேய்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், இது பருப்பு கடைகிற வேலைதானே என்று கட்டையை எடுத்து உருட்டினேன். மேஸ்திரி தடுக்கவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் காட்டினார். மீதிப் பத்தையும் நானே தேய்த்தேன்.

பிறகு மேஸ்திரி எல்லா வால்வையும் பொருத்தி, மேலே சீமெண்ணெய் ஊற்றி, கசிகிறதா என்று பார்த்தார். பத்து வால்வில் ஒரு பொட்டு இறங்கவில்லை. இரண்டில் ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகியது. எந்த இரண்டு என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரியும் சொல்லவில்லை. என் மாமியார்தான் தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பெருமை எனக்கு இரண்டு நாள்தான் நிலைத்தது. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவில் பேக்கிங் என்று ஒன்று வைப்பார்கள். முக்கியமானதை எல்லாம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்துவிட்டார்கள். இஞ்சினின் பக்கவாட்டு மூடிகளுக்கு மட்டும் கெட்டி அட்டையை அளவுக்கு வெட்டி, அரக்கு பூசி வைத்தால் போதும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நான் ஆற்றுக்குத் துவைக்கப் போய்த் திரும்பி வந்தபோது, என் கணவர் ஒரு மூடியின் மேல் அட்டையை வைத்துச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்டி வெட்டிக்கொண்டிருந்தார். அட்டையின் மூலையில் போட்டோ ஸ்டுடியோவின் தங்க எழுத்துகள் பளபளத்தன.

எங்கள் கல்யாணப் போட்டோ ஒட்டியிருந்த அட்டை அது. எங்களிடம் இருந்த ஒரே போட்டோ. அட்டையை உரித்த பிறகு அது சுருண்டு ஒரு மூலையில் கிடந்தது.

"போட்டோவுக்கு ஒண்ணும் ஆகல புள்ள. அட்டையத்தான் எடுத்தேன்" என்றார் அவர்.

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சொல்ல வேண்டியதை மேஸ்திரியிடம் சொன்னேன். "சாப்பாடு ஆறிப்போவுதாம், சொல்லுங்க." அவரும் மேஸ்திரியைப் பார்த்தே பதில் சொன்னார். "பசிக்கலயாம்னு சொல்லு." மேஸ்திரிக்குத் தமிழ் பாதிதான் தெரியும். எங்கள் சண்டை முழுவதும் அந்தப் பாதித் தமிழ் வழியாகப் போய் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு சண்டை முடிந்தது. இருந்தாலும் குழம்பில் உப்பு அன்றைக்கும் தூக்கலாகத்தான் இருந்தது.

சாக்கு என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர்தான் கற்றுக்கொள்ளவில்லை. இஞ்சினின் தலைப்பகுதியை மேலே வைத்து நட்டுகளை முறுக்கும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்று "சாக்கு, சாக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒழுகலுக்கு ஒரேயடியாக முடிவு கட்ட வேண்டும் என்று இவர் இன்னும் ஒரு முறுக்கு கொடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட மீதித் துண்டை எடுக்க மேஸ்திரிக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் என் கணவர் கையில் ஸ்பேனர் கொடுக்கப்படவில்லை. இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.

கடைசியில் இஞ்சினை வெளியே தள்ளி வண்டியில் ஏற்றிப் பூட்டியது ஒரு சனிக்கிழமை. சூட்டில் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது என்று சொல்லி என் மாமியார் காலையிலேயே மகனைப் பிடித்து உட்கார வைத்து, உச்சியில் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டிருந்தார். ஊறிய பிறகு குளிக்க வேண்டும். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். இவர் அப்படியே ஓடினார்.

தெருவே சேர்ந்து வண்டியைத் தள்ளியது. இரண்டு முறை தும்மியது. மூன்றாவது முறை குபுகுபுவென்று வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு இஞ்சின் ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு ஹோட்டல்காரரும் வந்தார். தோளில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்று.

"இத வண்டிக்கு அடியில விரி. ஒரு மணி நேரம் ஓடட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்."

வேட்டியை விரித்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தபடி நின்றோம். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வேட்டி வெள்ளையாகவே இருந்தது. என் கணவரால் பொறுக்க முடியவில்லை. முழங்கையை ஊன்றி ஊர்ந்து அடியில் போய், சீல் போட்ட இடத்தை அண்ணாந்து பார்த்தார்; வேட்டியைக் குனிந்து பார்த்தார்; மறுபடி அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்தார். அதன் பிறகுதான் ஹோட்டல்காரர் கையை நீட்டினார்.

"அதோ!"

வேட்டியின் நடுவில் எட்டணா அகலத்துக்கு எண்ணெய்ப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. கூட்டம் உச்சுக்கொட்டியது. என் கணவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பதினேழு நாள், பன்னிரண்டு வால்வு, போட்டோ அட்டை எல்லாம் வீணா என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி மட்டும் பதறவில்லை. வேட்டியை இழுத்து, பொட்டை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு என் கணவர் பக்கத்தில் வந்து குனிந்து அவர் தலையை மோந்து பார்த்தார்.

"இது இஞ்சின் எண்ணெ அல்லா சாமி. தலெ எண்ணெ!"

அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தெரு முழுக்கச் சிரித்தது. ஹோட்டல்காரர் நம்பவில்லை. அவரும் வேட்டியை மோந்தார், அவரும் என் கணவர் தலையை மோந்தார். பிறகு வேறு வழியில்லாமல், "குளிச்சிட்டு வாய்யா, காபி குடிக்கலாம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து லாரி கெலமங்கலத்துக்குக் கிளம்பியபோது மேஸ்திரியும் ஏறிக்கொண்டார். அங்கிருந்து அவர் ஊருக்குப் போக பஸ் உண்டு. நானும் வருவேன் என்று நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஊரை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. இஞ்சின் ஒரே சீராக ஓடியது. மேடு வரும்போதெல்லாம் என் கணவர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்ப்பார், நாங்கள் தலையாட்டுவோம். ராயக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்சதூரம் போயிருப்போம், பின்பக்கம் டமார் என்று வெடித்தது. இறங்கிப் பார்த்தால் டயர் கிழிந்து தொங்கியது.

என் கணவர் மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரி சாலையோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்து வசதியாகச் சாய்ந்துகொண்டு, டயர் தன் வேலை இல்லை என்று தெளிவான தமிழில் சொன்னார்.