முந்தி வந்த ரீல்

போன வாரம் அறந்தாங்கி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டு வந்தாள். கதாநாயகியை ரயிலேற்றிவிட்டு நாயகன் அழுதபடி பாடும் இடம். வயலின் எழுந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பாட்டு முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள்.

இதே பார்வையை முன்பு ஒரு கூட்டத்திடமே வாங்கியவள் நான். அப்போது அறந்தாங்கியில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். டோனர் வாடையும், பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்தே இருக்கும் வேலையும். இன்டர்நெட் மட்டும் உண்டு. மணமக்கள் வீட்டார் பிழை திருத்திக்கொண்டு வரும் இடைவெளியில், பாட்டு ரசிகர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்துக்குள் நுழைந்துவிடுவேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவோம். அங்கே எனக்குப் பெயர் மணமேல்குடி ராணி. மற்றவர்கள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா. வீடு நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள். என்னிடம் இருந்ததெல்லாம் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் இந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்த ஞாபகம்.

அந்த ஞாபகத்தை நம்பி ஒருநாள் நீளமாக எழுதிவிட்டேன். பிரிவு வருவதற்கு முன்பே நாயகனை அழவிட்டாரே, அந்த டைரக்டர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று. பத்திரிகை அடிக்கிறவளுக்கு அலங்காரச் சொல்லுக்கா பஞ்சம்? அள்ளித் தெளித்திருந்தேன்.

சிரித்தார்கள். சென்னைக்காரர் ஒருவர், தளத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, பாட்டு பிரிவுக்குப் பின்னால்தான் வருகிறது, பார்க்காத படத்துக்கெல்லாம் மேடம் விமர்சனம் எழுதக்கூடாது என்று எழுதினார். பார்க்காத படமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அங்கே நான் வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையின் பழைய ஆபரேட்டரைத் தேடிப் போனேன். கொட்டகையை மூடிய பிறகு அவர் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது ரெண்டு ஊருக்கும் ஒரே பிரிண்ட் ஆத்தா. மீமிசல்ல ஓட்டிட்டு, ரீல் பொட்டிய ஒண்ணொண்ணா பஸ்ல ஏத்தி இங்கிட்டு அனுப்புவாங்க. பாட்டுப் பொட்டியோட பின்னாடி கெளம்புன பஸ்ஸு முந்திட்டு வந்துரும். வந்த பொட்டியத்தானே ஓட்ட முடியும்? சனம் விசிலடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு."

அந்தப் படம் ஓடிய நாளெல்லாம் அந்த பஸ் முந்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மெச்சிய டைரக்டர் ஒரு பஸ் டிரைவர்.

மறைக்காமல் அப்படியே எழுதிப் போட்டேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் படத்தைப் பார்த்தது நிஜம் என்று. முதலில் குவைத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஊர்க்காரராம். அவரும் அந்த வரிசையில்தான் பார்த்தாராம், கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிக் கேலி வாங்கினாராம். ஒருத்தர் துணைக்கு வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

சென்னைக்காரர் நாலாம் நாள் எழுதினார்:

"ராணி மேடம், கம்ப்யூட்டர்ல உங்க ஊர் வரிசைக்கு மாத்திப் போட்டு ரெண்டு தடவ பார்த்துட்டேன். அவ போகப்போறான்னு தெரிஞ்சே பாடுற மாதிரி இருக்கு. இதுதான் சரி. பார்க்கலைன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க."

அன்று நான் அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறியிருந்தன. முதலாளி கத்தினார். எனக்குக் காதில் விழவில்லை. அதற்குப் பிறகு தளத்தில் யாராவது பாட்டு இடம் பொருந்தவில்லை என்றால், மணமேல்குடிக்கு அனுப்பிப் பாருங்கள் என்பார்கள். அவ்வளவு மரியாதை.

அந்தத் தளத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மூடிவிட்டார்கள். எதையும் நான் அச்செடுத்து வைக்கவில்லை, ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவள். இப்போது குவைத்தில் பார்த்தாலும் மணமேல்குடியில் பார்த்தாலும் அவள் ரயிலேறிப் போன பிறகுதான் அவன் அழுகிறான். எங்கள் கொட்டகையில் அவள் பக்கத்தில் இருக்கும்போதே அழுதான்.