வலப்பக்கத்தில் ஏழு டிக்

வெர்லின் ஸ்டாச்சுராவுக்குப் பிறவியிலேயே நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல். ஃபிளிண்ட் நகரத்துக் கார் ஆலையில் முப்பத்தோரு வருஷம் போல்ட் சரிபார்த்த மனிதர், வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். மனைவி போன பிறகு அது ஐந்தானது. மகள் கோரின், இரண்டிரண்டு வண்டியாக நேர்ப்பாதையில் பாயும் பந்தயத்தில் பழைய ஷெவல் கார் ஓட்டுகிறவள். போன கோடையில் இரண்டு தடவை, ஏதோ சந்தேகம் என்று புறப்படும் நேரத்தில் அவளை நிறுத்தித் தோற்க வைத்தார். இரண்டு தடவையும் வண்டியில் ஒரு குறையும் இல்லை.

"இன்னொரு தரம் நிறுத்துனீங்கன்னா, அப்புறம் வண்டில கை வைக்க விடமாட்டேன்ப்பா."

சொன்னால் செய்கிறவள்.

அன்று இறுதிச் சுற்று. வெயிலில் பாதை வழுக்க ஆரம்பித்திருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர்களைத் தளர்த்தியாக வேண்டும். வெர்லின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அவற்றின் திருகை முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி ஏழு டிக்; ஒவ்வொரு படிக்கும் டிக்கென்று ஒரு சத்தம் வரும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளம்புகிற வேகத்தில் வண்டி ஒருபக்கமாக இழுத்துச் சுவரில் போய் முட்டும்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் எண்ணிக்கொண்டிருக்கும்போது இரண்டு கால்கள் வந்து நின்றன.

"அறுபத்தெட்டு மாடலா பெரியவரே?"

"அறுபத்தொன்பது. பின்விளக்கப் பாத்தாலே தெரியுமே."

மாடலைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க அந்த ஊரில் எவனாலும் முடியாது. கால்கள் போய்விட்டன, எண்ணிக்கையும் போய்விட்டது. ஐந்து என்று மனசு சொன்னது. ஒலிபெருக்கி கோரினைக் கூப்பிட்டது. இரண்டு டிக் திருப்பிவிட்டு வெளியே வந்தார்.

வண்டி வரிசையில் நகர நகர அவர் விரல் மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். ஐந்துதானா? மூன்றாக இருந்தால்?

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அடுப்ப அணைக்காம வந்துட்டியா?" என்றார் பழைய கூட்டாளி ஒடெல்.

"வலது பக்கம் எண்ணினது சந்தேகமா இருக்கு."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? சும்மா நில்லு. பொண்ணு சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. கோரின் டயரைச் சூடேற்ற நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை கிளப்பினாள். வெர்லின் புகைக்குள் நடந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்று, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். எஞ்சினை அணை என்று அர்த்தம். பக்கத்து வண்டி தனியாக ஓடி ஜெயித்தது.

ஓரமாகத் தள்ளிவந்ததும் கோரினே அடியில் படுத்தாள். வலப்பக்கத் திருகை இறுக்கிக்கொண்டே உரக்க எண்ணினாள். ஏழில் நின்றது.

"ஏழுதாம்பா," என்றாள் எழுந்து. "இனிமே ஒடெல் மாமா பாத்துக்கட்டும்."

வீடு திரும்பும் வழியில் அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். வெர்லினுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவளை ஓரக்கண்ணால் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.