எலுமிச்சம்பழம் வாங்கப் போன நேரம்

சாமி கும்பிடாமல் திறந்தால் கம்ப்யூட்டர் ஓடாது என்று நான் முழுசாக நம்பிய காலம் ஒன்று உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் பின்பாதியில், மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் போய், லாரி எடையைப் பதிகிற புரோகிராமை ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் மூன்று வீடு தள்ளி வளர்ந்தவர். பேக்டரியில் லைனில் உட்கார்ந்து சிப் பொறுக்கிக்கொண்டே மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்த என்னை இந்தக் கடைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். பொம்பளைப் பிள்ளை ஊர் ஊராகப் போவதா என்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது, வீட்டுக்கே வந்து, "சித்தப்பா, என் கூடப் பொறந்த தங்கச்சின்னா நான் விட்டுக்குடுப்பேனா? என்னை நம்பி அனுப்புங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அப்பா சரி என்றார்.

புதுக் கம்ப்யூட்டர் எங்கே இறங்கினாலும் அண்ணனுக்குப் பூஜை போட வேண்டும். புது லாரிக்குப் போடுகிற மாதிரியே மானிட்டருக்கு மஞ்சள், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. ஆனால் எதையும் கையோடு கொண்டுவர மாட்டார். டிஸ்கெட்டுகளை வரிசையாகப் போட்டு முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, மோட்டார எடுத்துக்கிட்டுப் போயி எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிட்டு வந்துரு. கும்பிட்டுட்டுத் தொறப்போம்" என்பார். நானும் வெயிலில் போய் வாங்கி வருவேன். சூடம் காட்டிவிட்டுத் திறப்பார். புரோகிராம் ஓடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்.

நான் சேர்ந்து மூன்று மாதம் முடிகிற வாரம் கடை முதலாளி தவுக்கே என்னைக் கூப்பிட்டார். மெர்லிமாவ் பக்கத்து ஆலை ஒன்றில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் போன வாரம்தான் நாங்கள் இருவரும் புரோகிராமை ஏற்றிவிட்டு வந்திருந்தோம். எடை போடும் கொட்டகையில் இன்னொரு கம்ப்யூட்டர் பாக்கி இருந்தது. அதை நான் தனியாகப் போய் முடித்தால் வேலை நிரந்தரம், முடியவில்லை என்றால் பேக்டரிக்கே திரும்பிப் போகலாம் என்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

மறுநாள் காலை ஆலைக்குப் போனேன். அண்ணன் கையெழுத்தில் எண் போட்ட ஆறு டிஸ்கெட்டுகள். ஆறையும் போட்டேன், ஒரு தடங்கலும் இல்லை. புரோகிராமைத் திறந்தேன். டேட்டாபேஸ் கிளையன்ட் லைப்ரரியைக் காணவில்லை என்று திரையில் ஒரு பெட்டி எழுந்தது. அதன் கீழே ஒரு ஃபைலின் பெயர். கொட்டகைக் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கும் பதிவோடு பேசுவதற்கு நடுவில் அந்த ஃபைல் வேண்டும். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே பெட்டி.

வெளியே பழ லாரிகள் சேர ஆரம்பித்தன. ஆலையில் கணக்கு எழுதும் கிராணி எட்டிப் பார்த்தார். வயதானவர், எல்லோரையும் அம்மா போட்டுப் பேசுகிறவர். "ஏம்மா, அந்தத் தம்பி சாமி கும்பிட்டுட்டுத்தான தொறப்பாரு? நீ கும்பிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதற்றத்தில் மறந்தே போயிருந்தேன். ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் சூடமும் குங்குமமும் வாங்கி வந்து, மானிட்டருக்குப் பொட்டு வைத்து, கண்ணை மூடி மனமாரக் கும்பிட்டேன். மூன்றாவது தடவை ஆறு டிஸ்கெட்டையும் போட்டேன். குங்குமப் பொட்டுக்குக் கீழே அதே பெட்டி.

கிராணி மேசையிலிருந்து கடைக்குப் போன் போட்டேன். "இந்த மாதிரி எரர் நான் பார்த்ததே இல்லலா" என்றார் அண்ணன். "நீ எதையோ மாத்திப் பண்ணிட்ட. ஒண்ணும் தொடாத. நாளைக்கு நான் வந்து பாக்குறேன்." ரிசீவரை நான் வைப்பதற்குள், அவர் தவுக்கே பக்கம் திரும்பி மலாயில் சொன்னது காதில் விழுந்தது. "தியா தா போலே, பாஸ்." அவளால் முடியாது என்று.

எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடுகிறதே, அதில் அந்த ஃபைல் இருந்தாக வேண்டுமே என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. அது வந்து சேர்ந்த நேரத்தையும் பார்த்தேன். மற்ற ஃபைல்கள் எல்லாம் பத்து மணி பத்து நிமிடத்துக்குள் ஏறியிருந்தன. இது மட்டும் பத்து முப்பதுக்கு.

பத்து முப்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். முதல் கடையில் எலுமிச்சம்பழம் இல்லையென்று அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கிராணி அலமாரியில் புரோகிராமோடு வந்த புத்தகம் பிரிக்காமல் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மொத்தம் ஏழு டிஸ்கெட் என்று போட்டிருந்தது. ஏழாவதை அண்ணன் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறுதான் என்று எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் இல்லாமல் எந்த ஆலையிலும் எதுவும் ஓடக்கூடாது. ஏழாவதை நான் பார்க்காமல் போடத்தான் என்னை வெயிலில் கடைக்கு அனுப்பியிருக்கிறார். சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கிராணி பார்க்கிறார் என்றுகூட யோசிக்காமல் நான் அழுதேன். வேலை போய்விடுமே என்ற அழுகை இல்லை அது. மூன்று மாதமாக ஒரு திருட்டுக்குக் காவல் இருப்பது தெரியாமல் சந்தோஷமாக இருந்திருக்கிறேனே என்றுதான்.

ஃபைலை ஒரு காலி டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். போட்டேன், ஓடியது. மத்தியானத்துக்குள் லாரிகளெல்லாம் எடை போட்டு உள்ளே போய்விட்டன. "பாத்தியா, கும்பிட்டதுக்குச் சாமி எறங்கிருச்சு" என்றார் கிராணி.

வேலை நிரந்தரமானது. தவுக்கேயிடமும் அப்பாவிடமும் எதையும் சொல்லவில்லை. எப்படி முடித்தாய் என்று அண்ணனும் கேட்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சுங்கை ரம்பாயில் ஓர் ஆலை. இருவரும் போனோம். ஆறு டிஸ்கெட்டையும் போட்டு முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, எலுமிச்சம்பழம்..." என்று ஆரம்பித்தார்.

என் பையைத் திறந்து இரண்டு பழமும் சூடமும் எடுத்து மேசையில் வைத்தேன். "கொண்டாந்திருக்கேன்" என்றேன். நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்துப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் எண் எதுவும் இல்லை. நான் பேனாவை எடுத்து அதன்மேல் ஏழு என்று எழுதினேன். அவருடைய கை, தன் பாட்டுக்கு, சூடத்தை எடுக்கப் போனது. "வேணாம், நானே ஏத்துறேன்" என்றேன். அண்ணே என்று வாயில் வரவில்லை. அதன்பிறகு எப்போதும் வரவில்லை.