துக்கம் கேட்க வராதவர்கள்

அந்தப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவரை எல்லோரும் டைம்டேபிள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கு எந்த வகுப்பு என்று கட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. யாராவது லீவு போட்டால், அந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதும் அவர்தான். அவர் வராந்தாவில் வருவதைப் பார்த்தாலே ஓய்வாக இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியை மூடி, அதன் ஆசிரியர்களை இங்கே அனுப்பிய வருடம் தகராறு தொடங்கியது. வந்தவர்கள் வீட்டில் பேசும் மொழி வேறு, வளர்ந்த விதம் வேறு. உரக்கப் பேசுவார்கள். ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் தொடங்குவார். அறிமுகமான அன்றே, "ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?" என்று கேட்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பக்கத்திலிருந்து ஒரு ஸ்பூன் நீளும். இங்கே இருந்தவர்களோ, நாற்காலியை இழுக்கும் சத்தத்துக்கே மன்னிப்புக் கேட்கிற ரகம். ஆங்கிலம் எடுத்தவருக்குப் பிள்ளைகள் 'சாரி டீச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வந்தவர்களில் வேதியியல் எடுத்தவருக்கு ஒரே வாரத்தில் 'இடி சார்' என்ற பெயர் கிடைத்தது.

ஆசிரியர் அறையில் மேஜைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு மேஜை மற்றதைத் திமிர் பிடித்தது என்றது. அது இதைச் சந்தைக்கடை என்றது. தலைமையாசிரியர் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். அவர் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, கைகோத்தபடி பலூன் உடைக்கச் சொன்னார். பலூன்கள் உடைந்தன. மறுநாளும் அதே இரண்டு மேஜைகள்தான்.

அந்தச் சமயத்தில் இடி சாரின் அப்பா இறந்துபோனார்.

செய்தி வந்ததும் டைம்டேபிள் டீச்சர் பழைய ஆசிரியர்களின் மேஜைக்குத்தான் போய் நின்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்து இடி சாரின் வகுப்புகளை எடுத்தார்கள். சாரி டீச்சர் அவருடைய விடைத்தாள்களைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய், வேதியியல் தெரிந்த தன் கணவரை உட்காரவைத்துத் திருத்தி முடித்தார். ஆனால் துக்கம் கேட்க அவர் வீட்டுக்கு இவர்களில் ஒருவரும் போகவில்லை. டைம்டேபிள் டீச்சரும் போகவில்லை.

இடி சார் திரும்பி வந்த அன்று நேராக வகுப்புக்குப் போனார். மத்தியானம் யாரோ மெல்ல, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டதும் வெடித்தார்.

"இப்பக் கேக்கிறீங்களா? எங்கப்பா போய்ட்டார்னு இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் எட்டிப் பாத்தீங்களா? தெருவில போறவன்கூட வந்து அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போனான்!"

சாரி டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதானே..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் எழுந்து போனார்.

டைம்டேபிள் டீச்சருக்குப் பாடம் ஓடவில்லை. அவர் பிறந்த வீடு இரண்டு அறையில் எட்டுப் பேர் இருந்த வீடு. சிரிப்பும் சண்டையும் தெருமுனை வரை கேட்கும். வாழ்க்கைப்பட்ட வீடோ நேர்மாறு. மாமியார் கோபம் வந்தாலும் பேச மாட்டார், சந்தோஷம் வந்தாலும் பேச மாட்டார். முதல் வருடம் முழுக்க, தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறார். பிறகு ஒரு காய்ச்சலின்போது, விடியும்வரை தன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்த பிறகுதான் அந்த மௌனம் புரிந்தது. புரிந்தது போதாதென்று, வருடங்கள் போகப் போகத் தானும் அப்படியே ஆகிவிட்டிருந்தார். பிறந்த வீட்டில் ஒரு சாவு என்றால் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அது எப்படி மறந்தது?

அன்று சாயங்காலமே இடி சார் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"லேட்டா வந்திருக்கேன் சார். தப்புதான்."

"வந்தீங்களே, அது போதும் டீச்சர்."

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நாங்க யாரும் வராதது உங்களை மறந்ததால இல்ல. துக்கத்துல இருக்கிறவங்களைத் தனியா விடறதுதான் மரியாதைன்னு எங்க ஆளுங்க நினைப்பு. உங்க கிளாஸ் ஒண்ணுகூடக் காலியாப் போகலை. பேப்பர் யார் திருத்தினதுன்னு நினைச்சீங்க?"

"ஆஃபீஸ்ல ஏற்பாடு பண்ணியிருப்பாங்கன்னு..."

"சாரி டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும்."

இடி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை வாயைத் திறந்து சொன்னா என்னங்க?" என்றார். குரலில் கோபம் பாதிதான் இருந்தது. பிறகு அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். டீச்சர் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் சாரி டீச்சரின் கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றானது. வந்தவர்கள் மேஜை மொத்தமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாரானது. டைம்டேபிள் டீச்சர் வாசலிலேயே மறித்தார்.

"கூட்டமாப் போனா அவங்க ஒடுங்கிப் போயிடுவாங்க. இந்த வாரம் அவங்க கிளாஸைப் பாத்துக்கங்க, அதுவே பெரிய உதவி."

முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார்கள். இடி சாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தன் முறைக்கு வகுப்பு எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டுக்குள் நுழையாமல் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாரி டீச்சர் வெளியே வந்தபோது, அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காலடி கேட்டு விழித்தவர், திருடன் அகப்பட்டதுபோல எழுந்து, "நான் உள்ள வரலைங்க!" என்றார். அத்தனை நாளும் கல்லாய் இருந்த சாரி டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. பெஞ்சின் மறு ஓரத்தில் அவரும் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனால் யார் வீட்டிலாவது ஒரு கஷ்டம் என்றால், "வரலாமா, இல்ல தனியா இருக்கணுமா?" என்று கேட்டுவிடுகிற வழக்கம் அந்த அறையில் வந்துவிட்டது. முதலில் கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

போன வருடம் டைம்டேபிள் டீச்சரின் அம்மா தவறினார். சாரி டீச்சர் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார்.

"எனக்கே தெரியலையே டீச்சர்," என்றார் டைம்டேபிள் டீச்சர்.

"சரி. அப்ப நாங்க வர்றோம். வேணாம்னு தோணினா போகச் சொல்லிடுங்க."

வந்தார்கள். டீச்சர் யாரையும் போகச் சொல்லவில்லை.