பில் படிக்கும் பெண்

கடலூரில் நான் வேலை பார்க்கும் உரக் கம்பெனியில், லாரி பில்களை ஏஐ தானாகவே படித்துக் கணினியில் ஏற்றிவிடும் என்று சொல்லி ஒரு மென்பொருளை வாங்க வைத்தவன் நான்தான். அதனால் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வேலை போனது.

போன வருடம் ஒருநாள் திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் போகும் ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. பார்வையில் படுகிற எழுத்தையெல்லாம் உதடசைத்துப் படித்துக்கொண்டே வந்தார். பதினொன்றா பதினேழா என்று நான் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்த லாரி பில்லையும் படித்தார்.

"அது பதினேழு மூட்டை சார். இந்த டிரைவர் ஏழ ஒண்ணு மாதிரிதான் போடுவாரு."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"டெய்லி நாங்கதான படிக்கிறோம். சிதம்பரத்துல எட்டு பேரு ஒக்காந்து டைப் பண்றோம். உங்ககிட்ட கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொல்லியிருப்பாங்க."

என் முகம் மாறியதைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "வெளிய சொல்லிடாதீங்க சார். இதுவும் போச்சுன்னா எங்களுக்கு வேற வேலை இல்ல."

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்தில், தப்பே வருவதில்லை என்று முதலாளி அந்த ஏஐயைப் புகழ்ந்தார். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசாமல் இருந்தேனா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.