அலுமினியத் தாளில் சுற்றிய மூன்று போத்தல்கள்: கண்டியிலிருந்து சல்லிக்கு

திருகோணமலைக்குப் போய்வந்து பத்து நாளாகிறது. கோயில், கடற்கரை, எங்கே நல்ல சோறு கிடைக்கும் என்றெல்லாம் இந்த வலைப்பூவில் எழுதுகிறவள் நான். இந்தமுறை பார்க்கப் போனது ஒரு வீட்டை மட்டும். திகதியும் சரியான பெயர்களும் எழுதவில்லை. சண்டைக்குள் வாழ்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நிமலன் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் இருந்தவன். காபனீரொட்சைட்டை, அதாவது கரியமில வாயுவை, மின்சாரத்தால் எரிபொருளாக மாற்றுவது எங்கள் வேலை. வெறும் செப்புத் தகட்டை வைத்தால் ஏழெட்டுப் பொருட்கள் கலந்து வரும். ஒரு செப்பு அணுவைச் சேதன மூலக்கூறு ஒன்றின் நடுவில் பிடித்து வைத்து அதை ஊக்கியாக்கினால், என்ன வரவேண்டும் என்பதை ஓரளவு நாங்களே தீர்மானிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நானும் அதில் மயங்கித்தான் கிடந்தேன்.

அப்படி நான் செய்த ஊக்கிச் சேர்வை கடல்நீரில் தாங்குமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். நிமலனின் ஊர் சல்லி, வாசலில் கடல். விடுமுறைக்குப் போகிறவனிடம், தகட்டில் பூசி ஒரு கிழமை ஊறவைத்துக் கொண்டுவா என்று கொடுத்துவிட்டேன். மூன்று சின்னப் போத்தல்கள், செப்புக் கம்பி பொருத்திய இரண்டு கரித்தகடுகள். வெளிச்சம் பட்டால் சேர்வை கெட்டுவிடும் என்பதால் போத்தல்களை அலுமினியத் தாளில் சுற்றிக் கறுப்பு ஒட்டுநாடாவால் இறுக்கினேன். பெயர்த்துண்டைக் கண்ணாடியில் ஒட்டி அதன்மேல் தாளைச் சுற்றுவது எங்கள் ஆய்வுகூடப் பழக்கம். வெளியே ஓர் எழுத்தும் இராது. அதைச் சோதனைச் சாவடியில் நிற்கிற ஒருவன் எப்படிப் பார்ப்பான் என்று படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கறியுப்பைக் கரைத்துக் கண்டியிலேயே பார்த்திருக்கலாம். உண்மையான கடல்நீர்தான் வேண்டுமென்று அடம்பிடித்தது நான்.

வழியில் ஒரு சாவடியில் படையினர் அவனை பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. பொதி என்னுடையது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

அதைச் சொல்லத்தான் போனேன். கண்டியில் காலை 5.45 பஸ், கட்டணம் நூற்றெண்பது ரூபாய். ஏறத்தாழ 180 கிலோமீற்றர். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வரை ஓட்டம் நன்றாக இருந்தது. பிறகு சோதனைச் சாவடிகளில் நான்கு தரம் இறங்கிப் பொதியோடு நடந்து மறுபக்கம் ஏறினோம். பெண்களுக்குத் தனிக் கூடாரம். தலைப்பின்னலையும் தடவிப் பார்ப்பார்கள், எனவே பூ வைக்காமல் போவது சுகம். தம்பலகாமத்தில் வயல் பச்சையாகக் கிடந்தது. வேறொரு பயணமென்றால் படம் எடுத்திருப்பேன். நகரத்துக்கு வந்து சேர 2.40.

பஸ் நிலையத்திலிருந்து சல்லிக்கு ஓட்டோ நானூறு ரூபாய். யார் வீடு என்று கேட்ட ஓட்டோக்காரர், பெயரைச் சொன்னதும் ஓட்டத்தைக் குறைத்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"குண்டோட பிடிபட்ட பொடியன்ர வீடோ? நான் கோயிலடியில விடுறன், அங்கால வர ஏலாது."

நிமலனின் அக்கா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் உட்காரக் கதிரை எடுத்துப்போட்டார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை இந்தக் கருவாட்டை விற்றுத்தான் படிக்கவைத்தவர். தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலில் என்ன இருந்தது, கம்பி எதற்கு, சுற்றியது யார், ஏன் சுற்றினேன். ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "அப்ப அவன் ஒரு பிழையும் செய்யேல்லையோ?"

இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு கடிதக் கோவையைக் கொண்டுவந்தார். பதினாலு மாதமாக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். மொத்தம் பத்தொன்பது. எல்லாவற்றிலும் ஒரே வசனம்: என் தம்பி அறியாமல் செய்த குற்றத்தைப் பொறுத்தருளுங்கள்.

"ஊரே சொன்னது, நானும் நம்பினனான். மன்னிப்புக் கேட்டா விடுவினம் எண்டு நினைச்சன். அவன் குற்றவாளி எண்டு நானே அவன்ர கழுத்தில எழுதிக் கட்டிப்போட்டன், பிள்ளை."

என்னால் அழக்கூட முடியவில்லை. அழ எனக்கு என்ன உரிமை? அக்கா வெறுந்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"இப்ப நீங்கள் எழுதுங்கோ. உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ."

எழுதினேன். சேர்வையின் பெயர், எத்தனை கிராம், எந்த ஆய்வுகூடம், சுற்றியது நான், கொடுத்தது நான். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். முதல் தாளில் அடித்தல் திருத்தல் கூடிவிட்டது, இரண்டாவது தாளில் திரும்ப எழுதினேன். பின்னேர பஸ் போய்விட்டது. இரவு தங்குவதைப் பொலிசில் பதிய அக்காவே கூட வந்தார். சோறும் மீன் குழம்பும் தந்தார். கடிதத்தைக் கந்தோர்களில் கொடுக்கத் தன் கோவையில் வைத்துக்கொண்டார். கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டையோடு இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். தங்குவதானால் அன்றே பதியுங்கள். திரும்புகிற பஸ் காலை 6.30க்கு. இரசாயனம், கம்பி, பற்றரி எதையும் கொண்டுபோகாதீர்கள், இன்னொருவர் பையில் கொடுத்தும் விடாதீர்கள். கொடுத்துவிட்டு அவர் அகப்பட்டால், அடுத்த பஸ்ஸிலேயே போய் அவருடைய வீட்டில் சொல்லிவிடுங்கள். வழி ஒன்பது மணித்தியாலம்தான். எனக்குப் பதினாலு மாதம் எடுத்தது.